“அந்த வயசு, அப்படித்தான்!”



சென்ற இதழில் ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பதைப் பற்றி இரண்டு பாரா எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது எனக்கே திகைப்பாகிவிட்டது. பாதிக்கு மேல் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள் எழுதியவை. ஊர்தான் வேறு வேறு, பல்லவி ஒன்றுதான். “வீட்டிலே சொன்னா, ‘அந்த வயசு, அப்படித்தான் இருக்கும்’னு சொல்லிடறாங்க.”

இந்த வார்த்தையை நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொன்னேன், அதனால் என்ன ஆக இருந்தது என்பதை இத்தனை நாளாக இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. என் அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

2019-ஆம் வருஷம், தை மாதம். அக்காவுக்கு அப்போது 56 வயது. ஐம்பதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. கொஞ்சம் பருத்த உடம்பு, சர்க்கரையும் உண்டு. மகளுக்குப் பிரசவம் பார்த்து, பேத்திக்குப் பெயர் வைத்து முடித்த அலுப்பில் ஒரு நாள் போன் செய்தாள். பேத்தி புராணமெல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏண்டி, எனக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப என்னமோ லேசா கறை படுது. அலைச்சல்ல உஷ்ணமாயிருக்குமோ?” என்றாள்.

எனக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் நின்றுகொண்டிருந்தார். “அந்த வயசு, அப்படித்தான் இருக்கும்க்கா. வெந்தயம் ஊற வச்சுச் சாப்பிடு, இளநீர் குடி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அவளும் சாப்பிட்டாள். எட்டு மாதம் சாப்பிட்டாள்.

புரட்டாசியில் என் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். ஒரு காலையில் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பழைய துணி மட்டும் தனியாக வாளியில் ஊறுவதைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னுமாக்கா?” என்றேன். “அப்பப்ப வரும், போகும். நீதானே அப்படித்தான்னு சொன்னே?” என்றாள், ரொம்ப சாதாரணமாக.

மறுநாளே எனக்குப் பழக்கமான லேடி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “நின்று எத்தனை வருஷம்?” என்பதுதான். ஆறு என்றதும் ஸ்கேனுக்கு எழுதினார். கர்ப்பப்பையின் உள்சவ்வு இருக்க வேண்டிய அளவைவிடத் தடித்திருந்தது. அதிலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. வந்தது, கர்ப்பப்பைப் புற்றுநோய். ஆனால் ஆரம்ப நிலை, கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. ஆபரேஷன் ஆயிற்று. ஐந்து வருஷம் தவறாமல் செக்கப்புக்குப் போய் வந்தாள். இன்றைக்கு அறுபதைத் தாண்டி, பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து எனக்குப் போன் செய்கிறாள்.

“ஏன்க்கா வேற யார்கிட்டேயும் சொல்லலே?” என்று அப்புறம் ஒரு நாள் கேட்டேன். “மருமகன் வந்து போற வீடு. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. இதைப் போய் யாருகிட்ட சொல்றது? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு யாரைக் கேக்கறது?” என்றாள்.

டாக்டரம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். “நின்ன பிறகு கறை படுதுன்னு பத்துப் பேர் வந்தா, ஏறக்குறைய ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். சவ்வு வறண்டு போயிருக்கும், சின்னதா ஒரு சதை வளர்ந்திருக்கும். ஆனா பத்தாவது ஆள் யாருங்கறது பார்த்தால்தானே தெரியும்?”

அன்று முதல் அந்த வாக்கியத்தை நான் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. அது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்க வேண்டும். எது ‘அப்படித்தான்’, எது ‘அப்படி இல்லவே இல்லை’ என்று பிரித்துக்கொண்டால், பாதி பயம் போய்விடும். போகவேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போயும் விடலாம்.

*உள்ளே நடப்பது என்ன?*

நமக்கு ஏறத்தாழ நாற்பது வயது தாண்டியதும் சினைப்பைகளின் வேலை தள்ளாட ஆரம்பிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு மாதம் எகிறும், ஒரு மாதம் இறங்கும். மாதவிலக்கு முன்னே பின்னே வரும். இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் வரும். இந்தத் தள்ளாட்டம் சில வருஷங்கள் நீடிக்கும். பிறகு ஒரேயடியாக நிற்கும்.

‘நின்றுவிட்டது’ என்று எப்போது சொல்வது? தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான். பதினோரு மாதம் வராமல் இருந்து, அடுத்த மாதம் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது. மேல் நாடுகளில் 51 வாக்கில். 45 முதல் 55-க்குள் எப்போது நின்றாலும் அது இயல்புதான். நாற்பதுக்கு முன்னாலேயே நின்றால் மட்டும் ‘வேலை மிச்சம்’ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எலும்பும் இதயமும் அத்தனை வருஷம் முன்கூட்டியே பாதுகாப்பை இழக்கின்றன. கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

*‘அப்படித்தான்’ என்று சொல்லக்கூடியவை*

முதலாவது, திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று அனல் அடிப்பது. ஒன்றிரண்டு நிமிஷம் வியர்த்துக் கொட்டும், பிறகு சில்லென்று நடுங்கும். எனக்கு இது வந்தது ஒரு சித்திரை மாதத்தில். வெயிலா, அடுப்பா, என் உடம்பா, எது சுடுகிறது என்றே தெரியாது! தோசை வார்த்துக்கொண்டே இருப்பேன். பாதித் தோசையில் கரண்டியைப் போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுவிடுவேன். “அம்மா, தோசை கருகுது” என்று பையன் கத்துவான்.

இது எத்தனை நாள் இருக்கும்? ஆறு மாதத்தில் போய்விடும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அமெரிக்காவில் ஏராளமான பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தொல்லை அடிக்கடி வருகிறவர்களுக்கு ஏழு வருஷத்துக்கும் மேலே நீடிக்கிறது என்று சொன்னது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது வழியில்லை; சமாளிக்கத்தான் பழக வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன். நைலான், பாலியஸ்டர் நைட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு நல்ல பருத்திக்கு மாறினேன். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் ஈரத்துண்டும். பெரிய சமையலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது. எப்போது அனல் வருகிறது என்று பதினைந்து நாள் குறித்து வைத்தேன். சாயங்காலக் காபிக்குப் பிறகும், காரக்குழம்பு சாப்பிட்ட ராத்திரியிலும்தான் அதிகம் என்று தெரிந்தது. காபியைக் காலையோடு நிறுத்தினேன். அனல் வருகிறபோது மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுவது மனப் படபடப்பைத் தணிக்கும். எடை கூடுதலாக உள்ளவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தாலும் அனலும் குறைவதுண்டு.

இரண்டாவது, தூக்கம் கெடுவது. மூன்றாவது, மறதி. உப்பு போட்டோமா இல்லையா, சாவியை எங்கே வைத்தோம்! ‘எனக்குப் புத்தி மழுங்கிவிட்டதோ’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அதற்காகப் பயம் வேண்டாம். பெரும்பாலும் இது தூக்கமின்மையோடும் ஹார்மோன் தள்ளாட்டத்தோடும் வருவது, பிறகு தெளிகிறது. நாலாவது, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கோபமும், காரணமில்லாத அழுகையும்.

இந்த நாலும் பலருக்கு வருகிறவைதான். ஆனால் ‘அப்படித்தான்’ என்றால் ‘பேசாமல் கிட’ என்று அர்த்தம் இல்லை. அன்றாட வேலை கெடுகிற அளவுக்கு இருந்தால் மருத்துவம் உண்டு. கோபமும் அழுகையும் போய், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்ற ஆரம்பித்தால், அது மனச்சோர்வு நோய். அதற்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது, டாக்டர் வேண்டும்.

*‘அப்படித்தான்’ என்று சொல்லவே கூடாதவை*

இந்தப் பகுதியைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

1. ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரே ஒரு துளி பட்டாலும், இளஞ்சிவப்பாகப் பட்டாலும், அந்த வாரமே டாக்டர். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். என் அக்காவுக்கு ஒரு துளி வலிகூட இருக்கவில்லை.

2. நிற்பதற்கு முன்னே, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற மாதிரிப் போவது, பெரிய பெரிய கட்டிகளாக விழுவது, ஏழு நாளைத் தாண்டி நீடிப்பது, 21 நாளுக்குள் மறுபடி வருவது, தாம்பத்தியத்துக்குப் பிறகு கறை படுவது. ‘நிற்கப் போகிறது, அதனால்தான் இப்படி’ என்று விட்டுவிடாதீர்கள். மாதாமாதம் ரத்தம் கொட்டிச் சோகை பிடித்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது சோகை.

3. மார்பகத்தில் கட்டி, தோல் உள்ளிழுப்பு, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர்.

4. மார்பை அழுத்துகிற மாதிரி இருப்பது, அதோடு தாடை, தோள், முதுகில் வலி, வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமலும் வரும். ‘வாயு’ என்று ஓமம் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது; உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

5. படபடப்பு, எடை கூடுவது அல்லது இளைப்பது, முடி கொட்டுவது, அசதி. இவை தைராய்டு கோளாறிலும் அப்படியே வரும். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

*சத்தமில்லாமல் நடப்பவை*

அனல் அடித்தால் நமக்கே தெரிகிறது. எலும்பு தேய்வது தெரியாது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாறு வருஷங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. பாத்ரூமில் லேசாக வழுக்கி மணிக்கட்டு முறிந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. அதற்காக மிரள வேண்டாம். இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் சுமார் 480 கிடைக்கும். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதலாக, அதாவது 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ செய்தால் சுமார் 175. எள்ளைப் பொடி செய்து சாதத்தில் போட்டுக்கொண்டால் இன்னும் கொஞ்சம் சேரும். ஒரு பிடி முருங்கைக்கீரைப் பொரியலில் 150-ஐ ஒட்டி. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடலாம். பருப்பு, மற்ற கீரை, காய்கள் மிச்சத்தை ஓரளவு நிரப்பும். பற்றாததற்கு மட்டும் டாக்டர் சொல்கிற மாத்திரை. அதையும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து, இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒன்றைக் காலையிலும் ஒன்றை ராத்திரியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ‘காலை இளவெயில் நல்லது’ என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வைட்டமின் டி-க்கு அது அவ்வளவாக உதவாது. காலை 10 மணிக்கு மேல், மதியம் 3 மணிக்குள் அடிக்கிற வெயிலில்தான் அது தோலில் உண்டாகிறது. மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் போகிறபோது கையும் முகமும் வெயிலில் பட, கால் மணி நேரம் இருந்தால் போதும். நம் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

உடம்பு தன் எடையைத் தானே தாங்கி வேலை செய்தால்தான் எலும்பு வலுக்கும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வேகமாக நடங்கள். ‘வீட்டு வேலையே போதாதா?’ என்பீர்கள். போதாது, நின்ற இடத்திலேயே செய்கிற வேலை அது. இதோடு, நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடைக்கு வலு வரும், விழுவது குறையும்.

இதயமும் அப்படியே. அதுவரை ஓரளவு காவலாக இருந்த ஈஸ்ட்ரோஜன் போனதும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏற ஆரம்பிக்கின்றன. வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்கு என்று நமக்கு மனப்பாடம். நம்முடைய பிரஷர் எவ்வளவு? வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையை 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். ரேஷன் வாங்கப் போகிற வழியில்தான் பலருக்கும் அது இருக்கிறது.

*மாத்திரையும் ஆபரேஷனும்*

‘ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வருமாமே?’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயம் 2002-இல் பிறந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடுகிறது என்று செய்தி பரவியது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அவ்வளவாகப் பரவவில்லை. பிறகு நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து இன்று டாக்டர்கள் சொல்வது இது: வயது 60-க்குள், நின்று பத்து வருஷத்துக்குள் இருக்கிற, தொல்லை அதிகமுள்ள, மற்றபடி ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே பொதுவாக அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் பொதுவாக இது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகச் சாப்பிடவே கூடாது, உள்சவ்வு தடிக்கும். ஆகவே ‘பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தது’ என்று மருந்துக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

அடுத்தது, ‘குழந்தைகள்தான் பிறந்தாயிற்றே, எடுத்துவிடலாமே’ என்ற யோசனை. தேவையான இடத்தில் கர்ப்பப்பையை எடுப்பது உயிர் காக்கும். என் அக்காவைக் காத்தது அதுதான். ஆனால் அதிக ரத்தப்போக்கு என்றாலே உடனே ஆபரேஷன் என்பதில்லை. பலருக்கு மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்திலோ கட்டுப்படும். தேவையில்லாமல் எடுப்பது பெருகியதால்தான் மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் இதற்கென வழிமுறைகள் வகுத்தது. எல்லா மாநிலங்களும் அவற்றைப் பின்பற்றச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: ‘எனக்கு என்ன நோய்? வேறு வழி இல்லையா? சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்?’ சினைப்பையும் போனால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். அனலும் எலும்புத் தேய்வும் ஒரே தாவலில் வரும். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

*கடிதங்களிலிருந்து...*

*கைக்குழந்தைக்காரி ஒருவர், திருச்சி:* “மாமியாருக்கு 49 வயது. தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுகிறார். எனக்கோ குழந்தை பிறந்து ஆறு மாதம், ராத்திரித் தூக்கமே இல்லை. இரண்டு பேரும் சமையலறையில் நின்றாலே சண்டைதான்.”

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? தாய்ப்பால் கொடுக்கிறபோது உங்கள் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் குறைவுதான். ராத்திரி வியர்ப்பது, சட்டென்று அழுகை வருவது, அங்கே வறட்சி, எல்லாம் உங்களுக்கும் இருக்குமே! ஒரே அடுப்படியில் ஒரே குறையோடு இரண்டு பெண்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கு மாதங்களில் சரியாகிவிடும், அவருக்கு வருஷங்கள் ஆகும். சண்டை இல்லாத ஒரு மத்தியானம் பார்த்து, “அத்தை, உங்களுக்கும் ராத்திரி வேர்க்குதா?” என்று கேட்டுப் பாருங்கள். எல்லா மாமியார்ச் சண்டைக்கும் ஹார்மோன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட மருமகளிடம் அவர் வேறு விஷயமும் சொல்லத் துணிவார்.

*மதுரை வாசகி:* “43 வயது. மூன்று மாதமாக வரவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறேன்.”

முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்! சிரிக்காதீர்கள், தள்ளாட்டக் காலத்திலும் கர்ப்பம் தரிக்க முடியும். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு வருஷமும், 50-க்கு மேல் நின்றால் ஒரு வருஷமும் கருத்தடை தேவை.

*பெயர், ஊர் வேண்டாம் என்றவர்:* “தாம்பத்தியத்தில் எரிச்சலும் வலியும். அவர் நான் வெறுக்கிறேன் என்று நினைத்துப் பேசுவதே இல்லை. இதை எங்கே போய்ச் சொல்வேன்?”

லேடி டாக்டரிடம், ‘வறட்சியாக இருக்கிறது’ என்ற இரண்டே வார்த்தையில் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே கேட்டுக்கொள்வார். அந்த இடத்துச் சவ்வு மெலிவதால் வருவது இது. வழவழப்புக்கான ஜெல்லும், அங்கே மட்டும் தடவுகிற ஹார்மோன் களிம்பும் உண்டு. நல்ல குணம் தெரியும். அடிக்கடி வருகிற நீர்க்கடுப்பும் குறையும். உங்கள் கணவரிடமும், வெறுப்பில்லை, வலிதான் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பாவம், அவரும் தெரியாமல்தான் ஒதுங்கியிருக்கிறார்.

*கோவை வாசகி:* “இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. கல்யாண வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது.”

சிறுநீரை அடக்குகிற தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விடுங்கள். பத்து தடவை ஒரு கணக்கு. நாளுக்கு மூன்று வேளை. காய் நறுக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவம் ஆன இளம் தாய்மார்களும் இப்போதே தொடங்கிவிடலாம்.

*இந்தப் பதினைந்து நாளுக்கு உங்களுக்கு வேலை*

இரண்டே வேலைதான். ஒன்று, சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறீர்களே, அதே காலண்டரில் உங்கள் மாதவிலக்கு வருகிற நாளில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். டாக்டர் ‘கடைசியா எப்போ வந்தது?’ என்று கேட்டால் விழிக்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் தனியாக இருக்கும்போது, “நின்ன பிறகு எப்பவாவது கறை பட்டுதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. “வாங்க, நான் கூட வரேன்” என்றும் சொல்ல வேண்டும்.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டபோது, “தாராளமா எழுது. என் பேரை மட்டும் போட்டுடாதே” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா நீ அன்னைக்குச் சொன்னியே, அதை விடாம எழுது” என்றாள்.

எழுதிவிட்டேன், அக்கா.

அடுத்த இதழில், நாற்பதுக்கு மேல் வருகிற மூட்டு வலியைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.